நூற்றுப் பதினெட்டு நாள் பச்சை

மனித குலத்தின் சகல துன்பங்களுக்கும் காரணம் முகம்தான் என்றும், அந்த முகத்தை முற்றாக அடக்கி வென்ற முதல் மனிதன் முழங்காவிலில், பிரதான வீதியிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில், தகரப் படலை போட்ட வீட்டில் குடியிருக்கிறான் என்றும் ஜெயந்தன் நம்பினான். அந்த மனிதன் தான்தான் என்று சொல்லும்போது அவன் சிரிப்பதில்லை. சிரித்தால் வாதம் கெட்டுவிடும்.

ஆதாரங்களும் கையில் வைத்திருந்தான். அப்பாவின் செத்தவீட்டில் வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டு, எத்தனை பேர் சத்தமாக அழுகிறார்கள், எத்தனை பேர் சும்மா மூக்கை உறிஞ்சுகிறார்கள் என்று கணக்கெடுத்து, அதற்கேற்பப் பிளேன்ரீ ஊற்றச் சொன்னவன் அவன். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் போன அன்று பின்னேரம் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டவன். மூன்று வருசம் காதலித்த பெட்டை கனடாவுக்குப் போகப்போகிறேன் என்று விக்கி விக்கி அழுதபோது, "பிளேன் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டவன்.

இந்தத் திறமை ஊரில் ஒன்றுக்கும் உதவாமல் இருபத்து நாலு வருசம் கிடந்தது. பிறகு பூநகரிக் கரையில் நண்டுக் கம்பனி வந்தது.

நாலரை மணிக்குக் கம்பனி பஸ். மாரி மழை கண்ணாடியில் அறைந்துகொண்டிருக்க, பாதித் தூக்கத்தில் இருக்கும் பெண்களோடு இருட்டுக்குள் ஓடி, ஐந்து மணிக்கு அது களப்போரத்தில் நிற்கும். இரவு வலையில் பட்ட நண்டு பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கும். பெட்டியைத் தூக்கினால் நண்டு கடிக்கும். தூக்காவிட்டால் சுப்பவைசர் கடிப்பான். ஜெயந்தனும் சிறாஜும் கொதிகலன் பகுதி. சிறாஜ் நாச்சிக்குடாக்காரன், ஜெயந்தனின் வயதுதான், வாயை மூடத் தெரியாதவன். இருவரும் கொதிகலனின் மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அறையும். இரும்புக் கூடையில் அவிந்து சிவந்த நண்டு அறுபது கிலோ. கூடையை இரும்புத் தண்டில் கோத்து, ஆளுக்கொரு தோள் கொடுத்து, குறுகிய வாசலால் ஐஸ் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். கூடைக்கு அடியில் ஒரு தட்டம் தொங்கும், ஒழுகும் கொதிநீரை ஏந்துவதற்கு. நிலம் ஈரமாகக் கூடாது. நிலம்தான் இந்தக் கம்பனியில் மிகவும் கவனமாகப் பார்க்கப்பட்ட ஊழியர்.

அந்தப் பக்கம் மண்டபத்தில் நாற்பத்திரண்டு பெண்கள். ஐஸில் ஆறவைத்த நண்டைக் கையில் எடுத்து, காலை மூட்டோடு முறித்து, நுனிக் கத்தியால் சதையை நெம்பி எடுப்பது அவர்கள் வேலை. ஓட்டுத் துண்டு கையுறையைக் கிழித்துக்கொண்டு நகக்கண்ணில் ஏறும். எட்டு மணியாகும்போது விரல் யாருடையது என்று விரலுக்கே தெரியாது.

கொதிகலன் பக்கத்திலும், வாசலிலும், மண்டபத்தில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கமரா. கமராவுக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு. வாயும் மூக்கும் மாஸ்க்குக்குள் இருப்பதால் கமரா கண்ணைப் பார்க்கும், குரலைக் கேட்கும். பச்சை எரிந்தால் மனிசர் இல்லை என்று அர்த்தம். மஞ்சள் என்றால் மனிசர் வந்துகொண்டிருக்கிறார். சிவப்பு என்றால் மனிசர் வந்துவிட்டார்.

விளக்குப் பூட்டிய அன்று முதலாளி தயாபரன் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கம் சொன்னார். ரொறன்ரோவில் இருபத்தைந்து வருசம் இருந்துவிட்டு வந்தவர். முதலாளி என்று கூப்பிட்டால் மனம் நோவார். "நான் உங்கட தமையன். அண்ணை எண்டு கூப்பிடுங்கோ."

"கண்ணீர் எண்டா என்ன?" என்று அண்ணை கேட்டார். "தண்ணி, உப்பு, கிருமி. சிரிப்பு எண்டா என்ன? எச்சில். கோபம் எண்டா வேர்வை. இது மூண்டும் நண்டுக்குள்ள போகக் கூடாது. உணர்ச்சி எண்டது சுகாதாரப் பிரச்சினை, விளங்குதோ? எங்கட பெட்டியில என்ன அடிச்சிருக்குத் தெரியுமோ? 'அமைதியான கைகளால் எடுக்கப்பட்டது' எண்டு. அதுக்குத்தான் அங்க வெள்ளைக்காரன் வாங்குறான்."

"நண்டைக் கொதிதண்ணிக்குள்ள போடேக்க அது அமைதியா இருக்குமோ அண்ணை?" என்று பின்வரிசையிலிருந்து ஜெயரூபி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நாற்பத்திரண்டு விளக்கும் சிவந்தன. அதற்குப் பிறகு நெடுநாள் அந்த மண்டபத்தில் சிரிப்புக் கேட்கவில்லை.

ஒரு கிழமைக்குள் மூன்று சிவப்பு விழுந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். வேலைநீக்கம் என்று சொல்வதில்லை. 'இளைப்பாறல்' என்பார்கள். இளைப்பாறப் போனவர்கள் ஒருவரும் இளைப்பு ஆறி வந்ததாகத் தெரியவில்லை.

ஜெயந்தனுக்கு இது விழா. ஒரு நாள், பத்து நாள், ஐம்பது நாள் என்று அவன் விளக்கு பச்சையாகவே நின்றது. நூறாவது நாள் அவன் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்கள். படத்திலும் அவன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில் வகுப்பு எடுக்கத் தொடங்கினான்.

"அழுகை வருதெண்டா நண்டுக்கு எத்தனை கால் எண்டு யோசியுங்கோ. பத்து. பிறகு ரெண்டு நண்டுக்கு எத்தனை? இருபது. நூறு நண்டு வாறதுக்குள்ள எந்த மனிசருக்கும் கவலை போயிடும்."

"நீ செத்தா உன்ர மையத்தும் பச்சையாத்தான் கிடக்கும் மச்சான்," என்றான் சிறாஜ்.

முன் சீற்றில் இருந்த அழகம்மா திரும்பிப் பார்த்தாள். ஐம்பது வயது. எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன்னமே மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து தாய்தகப்பனோடு வன்னிக்கு வந்து, அதற்குப் பிறகு பதினொரு தடவை இடம்பெயர்ந்தவள். பக்கத்து வீட்டுப் பசு செத்ததென்று முதல்நாள் அழுது சிவப்பு வாங்கியிருந்தாள்.

"அழக் கூடாதெண்டு சொல்லுறது எங்களுக்குப் புதுசே தம்பி? சண்டை முடிஞ்ச கையோட ஆமிக்காரரும் சொன்னவங்கள். செத்த பிள்ளைக்கு ஒரு விளக்குக் கொளுத்த விடேல்லை. இப்ப இந்த மனிசன் தலைக்கு மேல விளக்கைப் பூட்டிப்போட்டு அழ விடுதில்லை."

"அழுது என்னத்தைக் கண்டனீங்கள் அக்கா? பசு எழும்பிட்டுதோ?"

அழகம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அந்தக் கிழமை இரண்டு சிவப்பு விழுந்திருந்தது.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. சுடுசாமானோ பாரமோ தூக்குகிறவன் "விலத்து, விலத்து" என்று கத்திக்கொண்டுதான் வருவான். கலியாணவீட்டில் சோற்றுக் கிடாரம் தூக்கினாலும் அதுதான், மீன்வாடியில் வலைக்கட்டுத் தூக்கினாலும் அதுதான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பாரம் தோளில் ஏறினால் சொல் வாயில் ஏறும். கமரா பூட்டிய முதல் நாட்களில் கொதிகலனிலிருந்து கூடை வரும்போது ஜெயந்தனும் சிறாஜும் அப்படித்தான் கத்திக்கொண்டு வந்தார்கள், பெண்கள் தலை நிமிராமலே ஒதுங்கினார்கள். ஆனால் கமராவுக்கு அது பயமோ கோபமோ என்று தெரியவில்லை. கத்தும் ஒவ்வொரு தடவையும் மஞ்சள் விழுந்தது. அண்ணை யோசித்தார். கத்துவதை நிற்பாட்டி, வாசலுக்கு மேலே ஒரு நீல விளக்குப் பூட்டினார். கூடை வரும்போது நீலம் எரியும். பார்த்து ஒதுங்க வேண்டியது.

அன்றிலிருந்துதான் ஜெயந்தனின் பச்சை நாள் எண்ணப்பட்டது. நாலு மாதம் அப்படிப் போனது.

அன்று புதன்கிழமை. வெளியில் மழை, கதவுகளெல்லாம் சாத்திக் கிடந்தன. ஆவி வெளியேற வழியில்லாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நீல விளக்கு அதற்குள் எங்கேயோ எரிந்துகொண்டிருந்திருக்கும். ஜெயந்தன் முன்தோள், சிறாஜ் பின்தோள். வாசலைத் தாண்டும்போது ஆவிக்குள் ஒரு முதுகு தெரிந்தது, மண்டபத்துப் பெண்களில் ஒருத்தி. கௌசலா. ஐஸ் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, நன்றாகக் குனிந்து, பின்பக்கமாக நடந்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஜெயந்தன் கண்டான். நாலடி இருந்தது. வாய் திறந்தது. "வி..." என்பதற்குள் தலைக்கு மேலே மஞ்சள் பளிச்சிட்டது. நூற்றுப் பதினெட்டு நாள்.

வாய் மூடிக்கொண்டது.

ஜெயந்தன் ஒருபக்கம் ஒதுங்க, அவள் முதுகு கூடையில் முட்டியது. தட்டம் சரிந்தது. கொதிநீர் அவளது இடது தோளிலிருந்து விரல் நுனிவரை ஓடி இறங்கியது.

அதன் பிறகு நடந்ததைத்தான் யாராலும் மறக்க முடியவில்லை. கௌசலா கத்தவில்லை. மாஸ்க்கைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, அந்தக் கமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்தக் கிழமை ஏற்கனவே இரண்டு சிவப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவ்வளவு நேரமும் அவள் விளக்குப் பச்சையாகவே எரிந்தது. பிறகு கால்கள் மடிந்தன. விளக்குச் சிவந்தது.

கம்பனி வானில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வான் போய்ப் பத்து நிமிசத்தில் அறிவித்தல் பலகையில் ஒரு கடதாசி ஒட்டப்பட்டது: கௌசலா, மூன்றாவது சிவப்பு, இளைப்பாறல்.

அதாவது, அவள் வேலையில் காயப்பட்டவள் இல்லை. இளைப்பாறப் போனவள். இளைப்பாறுகிறவளுக்குக் கம்பனி மருந்து வாங்காது, கிளினிக்குக்கு வான் அனுப்பாது, கை ஆறினாலும் திரும்ப எடுக்காது.

அன்றைக்கே ஜெயரூபி முறைப்பாடு சொல்லப் போனாள். அதற்கென்று மண்டபத்து மூலையில் ஒரு கண்ணாடி அறை. வெளிப்படைத்தன்மைக்காக அதன் கதவு எப்போதும் திறந்திருக்கும். முறைப்பாடு சொல்பவரின் கதிரைக்கு மேலேயும் ஒரு விளக்கு. அது சிவந்தால் முறைப்பாடு செல்லாது. உணர்ச்சியில் சொன்ன விசயத்தைக் கம்பனி ஏற்றுக்கொள்ளாது.

ஜெயரூபி பதினோராவது விநாடியில் சிவந்தாள். அழகம்மா கதிரையில் இருந்ததுமே சிவந்தாள், வாயே திறக்கவில்லை. சிறாஜ் கெட்டிக்காரன். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நிமிசம் தாக்குப்பிடித்தான். "அவா கவனமில்லாமல் பின்பக்கமா நடந்தவா, அது அவாவின்ர பிழை" என்று அண்ணை சொன்னதும் அவனும் சிவந்தான்.

சரி, எழுதிக் கொடுப்போம் என்று எழுதினார்கள். கடிதம் மறுநாள் திரும்பி வந்தது. 'வேதனை' என்ற சொல்லுக்குக் கீழே கோடு, உணர்ச்சிச் சொல். அதை வெட்டி 'நோவு' என்று போட்டார்கள். அதுவும் வந்தது. 'எரிந்த கை' என்பதை 'வெப்பம் கூடிய கை' என்று மாற்றினார்கள். வெப்பம் பற்றிய விபரத்தைப் பராமரிப்புப் பகுதிக்கு அறிவிக்கவும் என்று எழுதி, மூன்றாம் தடவையும் திரும்பி வந்தது. நாலாவது கடிதத்தில் சொல்லெல்லாம் போய், பெயரும் திகதியும் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பதில் வந்தது: விடயம் தெளிவில்லை.

ஜெயரூபி அந்தக் கடதாசியைச் சுருட்டி வாய்க்குள் போட்டுச் சப்பினாள். பஸ்ஸில்தான். பஸ்ஸில் விளக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கௌசலாவைப் பார்க்கப் போனார்கள். அவள் வீடு வேரவில் பக்கம். ஒரு பஸ் வரவில்லை, அடுத்தது நிற்கவில்லை. கடைசியில் மணல் ஏற்ற வந்த லான்மாஸ்டர் உழவு மெசினில் ஏறிப் போனார்கள். ஜெயந்தன் வரமாட்டேன் என்றுதான் சொன்னான். "நோயாளியைப் பாக்கிறது உணர்ச்சி வேலை." சிறாஜ் அவன் சேட்டைப் பிடித்து இழுத்து ஏற்றினான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தாள். கையைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். விரல்கள் சேர்த்துக் கட்டியிருந்தன. ஓ.எல். படிக்கும் மகள் தாய்க்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். பின்னல் கோணலாக வந்தது; அவிழ்த்து மறுபடி பின்னினாள். கிளினிக்குக்கு இரண்டு நாளைக்கொருக்கால் போகச் சொல்லியிருக்கிறார்களாம். முப்பது மைல். விரலை மடக்கிப் பழக்காவிட்டால் அப்படியே ஒட்டிப்போகுமாம்.

பெண்கள் சுற்றியிருந்து அழுதார்கள். நாலு மாதத்துக்குச் சேர்த்து அழுதார்கள். ஜெயந்தன் வாசலில் நின்று கூரையில் எத்தனை ஓடு என்று பார்த்தான்.

"தம்பி, இஞ்ச வா," என்றாள் கௌசலா.

போனான்.

"நீ என்னைக் கண்டனீ என்ன?"

சிறாஜ் மெல்லத் திரும்பி ஜெயந்தனைப் பார்த்தான். பின்தோள்காரனுக்கு முன்னால் இருப்பது தெரியாது. இவ்வளவு நாளும் சிறாஜ், ஆவிக்குள் ஒருவருக்கும் தெரியவில்லை என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"கண்டனான் அக்கா."

"வாயைத் திறந்தனீயல்லே? எனக்கு உன்ர குரல் அரைவாசி கேட்டது."

"மஞ்சள் விழுந்திட்டுது."

அவள் ஏசுவாள் என்று ஜெயந்தன் எதிர்பார்த்தான். ஏச்சுக்கு அவனிடம் மருந்து இருந்தது. நண்டுக்குப் பத்துக் கால்.

"நானும் அதுக்குத்தான் கத்தேல்லை," என்றாள் அவள். "பாத்தியே, நாங்கள் ரெண்டு பேரும் எவ்வளவு நல்ல வேலைக்காரர்."

மகள் பின்னலை அவிழ்த்தாள். மறுபடி தொடங்கினாள்.

திரும்பி வரும்போது லான்மாஸ்டரில் யாரும் அவனோடு கதைக்கவில்லை. சிறாஜ்கூட. வாய் ஓயாதவன் மௌனமாக இருந்தால் அது ஒரு கூடை நண்டைவிடப் பாரம். பாதி வழியில் அழகம்மாதான் தொடங்கினாள்.

"நாங்கள் போனாச் சிவக்குது. எழுதினாத் திரும்புது. சிவக்காத ஆள் எங்களிட்ட ஒண்டுதான் இருக்கு."

"இவனோ?" ஜெயரூபி துள்ளி எழும்பினாள். "கண்டும் வாயை மூடினவனை எங்களுக்காகக் கதைக்க விடுறதோ? எனக்கு இவன்ர முகத்தைப் பாக்கவே விருப்பமில்லை."

"எனக்கும்தான் பிள்ளை. ஆனா அந்த முகம்தானே பச்சை எரியுது. கல்லெண்டாலும் எறியிறதுக்கு உதவும்."

எல்லோரும் ஜெயந்தனைப் பார்த்தார்கள்.

"நான் போனா நூறு வீதம் பச்சை," என்றான் அவன். பெருமையாகச் சொல்லத்தான் நினைத்தான். வழக்கம்போல் வரவில்லை.

கோரிக்கை மூன்று. அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளில் ஜெயரூபி எழுதினாள். ஒன்று: கௌசலா வேலையில் காயப்பட்டவர், அவர் மருந்தும் கிளினிக் பயணமும் கம்பனியின் பொறுப்பு, கை ஆறியதும் வேலை. இரண்டு: கூடை தூக்குகிறவன் கத்துவான், அதற்கு விளக்கு எரியக் கூடாது. மூன்று: இளைப்பாறலுக்கு அனுப்பிய எல்லோரையும் திரும்ப எடுக்க வேண்டும். அண்ணை அடுத்து வருவது செவ்வாய்க்கிழமை. ஜெயந்தன் கதைத்து முடியும்வரை ஒருவரும் கத்தியைத் தொடுவதில்லை என்றும் முடிவாயிற்று.

செவ்வாய் காலை ஆறு மணி. முதல் கூடை கொதிகலனுக்குள்ளேயே கிடந்தது. நாற்பத்தொரு பெண்கள் மேசைகளில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கண்ணாடி அறைக்குள் ஜெயந்தன் போய் விளக்குக்குக் கீழே இருந்தான். பச்சை. மேசைக்கு அந்தப் பக்கம் தயாபரன்.

"இவையள் ஏன் சும்மா நிக்கினம்?"

"நான் கதைச்சு முடிக்குமட்டும் நிப்பினம் அண்ணை."

"சரி, கதையும். ஆனா லைற்றைப் பாத்துக் கதையும்."

அவன் முதல் கோரிக்கையை வாசித்தான். வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவர்கூட அவ்வளவு தட்டையாக வாசிக்கமாட்டார். இரண்டாவதை வாசித்தான். மூன்றாவதை வாசித்தான். பச்சை அசையவில்லை. வெளியே ஜெயரூபி, பக்கத்தில் நின்ற அழகம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

தயாபரன் கதிரையில் சாய்ந்தார். நிறைய நாளைக்குப் பிறகு ஒரு முறைப்பாடு முழுதாக வந்திருக்கிறது. அதை என்ன செய்வது என்று அவருக்கே பழக்கமில்லை.

"வடிவா வாசிச்சீர். உமக்கு இருக்கிற நிதானம் இஞ்ச ஒருத்தருக்கும் இல்லை. நான் உம்மைச் சுப்பவைசர் ஆக்கிறதெண்டு யோசிச்சிருக்கிறன், தெரியுமோ?"

"கோரிக்கைக்குப் பதில் சொல்லுங்கோ அண்ணை."

"சொல்லுறன். அவா வேலையில காயப்பட்டதெண்டு ஆர் சொன்னது? அறிக்கை எழுதியாச்சு. எச்சரிக்கைக் குரல் ஒண்டும் எழுப்பப்படேல்லை எண்டு பதிவாகியிருக்கு. குரல் இல்லையெண்டா ஆபத்து இல்லை. ஆபத்து இல்லையெண்டா விபத்து இல்லை. இது நான் சொல்லேல்லை, கமரா சொல்லுது."

"குரல் எழுப்பக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம். ஒழுங்கை எல்லாரும் கடைப்பிடிச்சிருக்கினம். நல்ல விசயம்தானே?"

வாசலுக்கு வெளியே நின்ற சிறாஜ் தாங்கமுடியாமல் கேட்டான். "அண்ணை, உங்கட தலைக்கு மேல ஏன் லைற் இல்லை?"

"நான் நண்டு தொடுறேல்லை தம்பி," என்றார் தயாபரன், திரும்பிப் பாராமல். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து ஜெயந்தன் முன்னால் வைத்தார். "இப்ப ஒரு சின்ன வேலை. நீர்தானே முன்தோளில நிண்டனீர். சாட்சி ஒப்பம் வேணும். 'ஆவியால் எதிரே ஒருவரையும் காண முடியவில்லை.' இதில ஒரு ஒப்பம் வையும். வைச்சா அவாவுக்கு நான் என்ர கையால ஏதும் பாத்துச் செய்யிறன். தமையன் மாதிரி."

பேனையையும் நீட்டினார். நல்ல பேனை.

ஜெயந்தன் அந்த வரியைப் பார்த்தான். ஒப்பம் வைத்தால் அவன் காணாதவன் ஆகிவிடுவான். கம்பனிக்கு மட்டுமில்லை, ஊருக்கும். பத்து வருசம் போனால் தனக்கும். நல்ல வசதியான வரி. நண்டுக்குப் பத்துக் கால் என்று தொடங்கினான். இரண்டு நண்டுக்கு இருபது. மூன்றாவது நண்டில் ஒரு கை வந்தது, தோளிலிருந்து விரல் நுனிவரை.

"கண்டனான்," என்றான்.

"என்ன?"

"நான் அவாவைக் கண்டனான். நாலடி இருந்தது. ஒரு சொல்லுச் சொல்ல நேரம் இருந்தது."

மஞ்சள் எரிந்தது. மண்டபத்தில் எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

"தம்பி, லைற்," என்றார் தயாபரன் மெதுவாக. எச்சரிக்கை மாதிரியும் இருந்தது, உதவி மாதிரியும் இருந்தது.

"சொல்லேல்லை. உந்தப் பச்சைக்காகச் சொல்லேல்லை. வாசலில என்ர படம் தொங்குது, அதுக்காகச் சொல்லேல்லை. அவா நாலு விநாடி... நாலு விநாடி உந்தக் கமராவைப் பாத்துக்கொண்டு நிண்டவா அண்ணை, கை வெந்துகொண்டிருக்க..."

குரல் நடுவில் எங்கேயோ கழன்று விழுந்தது. தலைக்கு மேலே சிவப்பு. ஜெயந்தனுக்கு அது தெரியவில்லை. கண்ணில் நீர் நிறைந்தால் எல்லா விளக்கும் ஒரே நிறம் என்பதை அவன் அதுவரை அறிந்திருக்கவில்லை.

தயாபரன் கடதாசியை இழுத்து எடுத்தார். "சிவந்திட்டுது. முறைப்பாடு செல்லாது. எல்லாரும் வேலையைத் தொடங்குங்கோ."

ஒருவரும் அசையவில்லை. ஜெயரூபி தன் மாஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்தாள். மூக்கு விடைத்திருந்தது. "நாங்கள் முதல் போனோம், செல்லாது எண்டனீங்கள். எழுதினோம், செல்லாது. இவன், இந்தக் கல்லு, இவனும் அழுதிட்டான். அதுவும் செல்லாதோ? அப்ப என்ன செல்லும்? சொல்லுங்கோ, என்ன செல்லும்?"

அவள் விளக்குச் சிவந்தது. பக்கத்தில் அழகம்மா மாஸ்க்கைக் கழற்றினாள். அவள் பேசவில்லை. அழுதாள், அவ்வளவுதான், நெஞ்சில் கை வைத்து, வாய்விட்டு, செத்தவீட்டில் அழுவதுபோல. அடுத்த மேசை. அதற்கடுத்தது. சிலர் கத்தினார்கள், சிலர் ஏசினார்கள், ஒருத்தி ஏனென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மண்டபம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சிவந்தது.

தயாபரன் எழும்பி வெளியே ஓடி வந்தார். "லைற்றை நிப்பாட்டுங்கோ! ஆராவது லைற்றை நிப்பாட்டுங்கோ!"

"சுவிட்ச் இஞ்ச இல்லை அண்ணை," என்றான் சுப்பவைசர், சுவரோடு ஒட்டி நின்றபடி. "அது வெளிநாட்டில, வாங்குற ஆக்களிட்டயல்லோ இருக்கு. சிவப்பெல்லாம் நேர அங்கதான் போகுது."

"ஐந்து நிமிசம்!" அண்ணை கத்தினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, நெற்றியில் வேர்வை. "ஐந்து நிமிசம் அமைதியா நில்லுங்கோ, கெஞ்சிக் கேக்கிறன்! பிறகு கதைப்பம்!"

"இப்ப கதைப்பம்," என்றாள் அழகம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஒராள் போய்க் கதைக்கிறது சரிவராது. எல்லாரும் சேந்துதான் கதைப்பம். நாங்கள் அழுவம். அழுதுகொண்டே கதைப்பம். நீங்கள் கேளுங்கோ."

"இது பயமுறுத்தலோ? நாளைக்கே எல்லாரையும் நிப்பாட்டிப்போட்டு வேற ஆக்களை எடுப்பன்!"

"எடுங்கோ. வாறவைக்கும் கண் இருக்கும்."

வாசலில் இரண்டு வள்ளக்காரர் நண்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழைக்குள் நின்று எட்டிப் பார்த்தார்கள். சிறாஜ் போய் அவர்கள் காதில் என்னவோ சொன்னான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெட்டியை உள்ளே கொண்டுவராமல் வெளியிலேயே இறக்கி, அதன் மேலே குந்தினார்கள். அவர்கள் எவ்வளவு நேரம் குந்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நண்டு நாற ஒரு பகல் போதும்.

ஜெயந்தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தான். கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. பெண்கள் அவனுக்கு வழி விட்டார்களே தவிர, ஒருவரும் தட்டிக்கொடுக்கவில்லை. ஜெயரூபி அவனை மேலும் கீழும் பார்த்தாள். மன்னித்தாள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தமில்லை. ஆனாலும் கசங்கிப்போன கோரிக்கைத் தாளை அவன் கையிலிருந்து வாங்கி, மேசையில் வைத்து மடிப்பை நீவி, திரும்ப அவனிடமே நீட்டினாள்.

"இன்னொருக்கால் வாசி. இந்தமுறை மனிசன் மாதிரி வாசி."

எழுத்துகள் நீரில் மிதந்தன. ஜெயந்தன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான், மூக்கை உறிஞ்சினான். தேம்பலுக்கு நடுவே, நாற்பத்தொரு பேரும் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல, முதலாவது கோரிக்கையிலிருந்து தொடங்கினான்.